அண்ணன்களை ஏன் அனுப்பினீர்கள்? யாங் யோங்-ஹி 26 ஆண்டு படம்பிடித்த ஒரு கேள்வி

ஒசாக்காவில் ஒரு வீட்டுக் கூடம். தரையில் அட்டைப்பெட்டிகள். வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்து நோட்டு, பென்சில், மாத்திரை, துணிமணி, குளிருக்குச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலம் என்று ஒவ்வொன்றாக இடம் விடாமல் அடுக்குகிறார். பெட்டிகள் போய்ச் சேரவேண்டிய ஊர் வடகொரியத் தலைநகர் பியோங்யாங். அவருடைய மகன்களும் மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். 45 ஆண்டு அந்த அம்மா இப்படி அனுப்பிக்கொண்டே இருந்தார். எதிரே கேமராவோடு இருப்பது கடைசிப் பிள்ளை, ஒரே மகள், யாங் யோங்-ஹி.

அந்த மகன்களை யாரும் கடத்திக்கொண்டு போகவில்லை. போரில் பிரிந்தவர்களும் இல்லை. பெற்றவர்களே கப்பலேற்றி அனுப்பினார்கள். ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்க மகளுக்குப் பல ஆண்டு வாய் வரவில்லை. கையில் கேமரா வந்த பிறகுதான் வந்தது. 1995-ல் வீட்டாரைப் படம்பிடிக்கத் தொடங்கியவர் 2021-க்குள் மூன்று ஆவணப்படமும் ஒரு கதைப்படமும் முடித்தார். நான்குக்கும் அடியில் ஓடுவது இந்த ஒரே கேள்விதான்.

கடல் கடந்த கொரியர்களைப் பற்றிய படங்கள் இன்று நிறைய வருகின்றன. அமெரிக்காவில் குடியேறியவர்கள், ஐரோப்பாவுக்குத் தத்துப் போன குழந்தைகள் என்று பல கிளைகள். அவற்றில் பெரும்பாலானவை 'நான் யார்' என்ற இடத்திலிருந்து கிளம்பும். யாங்கிடம் அந்தத் தவிப்பு குறைவு. அவர் காட்டும் உலகத்தில் ஒருவர் எந்த நாட்டுக்காரர் என்பதைக் கப்பலும் பதிவேடும் அமைப்பின் கட்டளையும் சேர்ந்து முடிவு செய்துவிடுகின்றன. மனசு கடைசி வரிசையில் நிற்கிறது. இந்த ஆய்வுக்கு நான் அவரை எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

ஒசாக்காவில் ஒரு தீவு

யாங் 1964-ல் ஒசாக்காவின் இக்குனோ பகுதியில் பிறந்தார். ஜப்பானில் கொரியர்கள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் அது ஒன்று. அதிலும் ஜெஜு தீவுக்காரர்கள் அதிகம். கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தபோது, 1920-களில், ஜெஜுவுக்கும் ஒசாக்காவுக்கும் நேரடிக் கப்பல் ஓட ஆரம்பித்தது. தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் ஒசாக்காவின் ஆலைகளிலும் பட்டறைகளிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1945-ல் ஜப்பான் தோற்றபோது அந்த நாட்டில் ஏறத்தாழ 20 லட்சம் கொரியர் இருந்தார்கள். பெரும்பாலானோர் ஊர் திரும்ப, 6 லட்சம் பேர் போலத் தங்கிவிட்டார்கள். இவர்களுக்கும் இவர்கள் வம்சத்துக்கும் 'ஜைனிச்சி' என்று பெயர். ஜப்பானில் இருப்பவர் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். நாலு தலைமுறை ஆன பிறகும், எப்போது கிளம்பப் போகிறீர்கள் என்று கேட்பது போலவே அது ஒலிக்கிறது.

1952-ல் இவர்களிடமிருந்து ஜப்பானியக் குடியுரிமை எடுக்கப்பட்டது. வெளிநாட்டவர் பதிவில் 'சோசென்' என்று எழுதப்பட்டிருந்தது. சோசென் என்றால் கொரியா, அவ்வளவுதான்; வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை. இரண்டாகப் பிளப்பதற்கு முன்னிருந்த, இப்போது எந்த வரைபடத்திலும் இல்லாத நாடு. பிறகு தென்கொரியக் குடியுரிமைக்கு மாறியவர்கள் மாறினார்கள். மாறாதவர்கள் அந்த இல்லாத நாட்டின் பெயரோடே காலத்தை ஓட்டினார்கள். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் ஜப்பானியர் மட்டுமே சேரலாம் என்ற விதி 1982 வரை இருந்தது. நல்ல நிறுவனங்களில் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது.

இந்த வெற்றிடத்துக்குள் இரண்டு அமைப்புகள் வந்தன. தெற்கைச் சார்ந்த மிந்தான் 1946-ல், வடக்கைச் சார்ந்த சோங்ரியோன் 1955-ல். சோங்ரியோன் பள்ளிகள் நடத்தியது, கொரிய மொழி சொல்லிக்கொடுத்தது, டோக்கியோவில் ஒரு பல்கலைக்கழகமே வைத்திருந்தது. ஜப்பானில் நாதியற்றுக் கிடந்த பிள்ளைகளின் படிப்புக்கென்று 1957-லிருந்து வடகொரிய அரசு பணம் அனுப்பியது. இதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் யாங்கின் பெற்றோர் வெறும் மூளைச்சலவை ஆனவர்களாகத்தான் தெரிவார்கள்.

அப்பா ஜெஜுவில் பிறந்து 1942-ல், 15 வயதில், ஜப்பானுக்கு வந்தவர். சோங்ரியோனின் ஒசாக்கா கிளையில் பெரிய பொறுப்பில் இருந்தார். அம்மாவும் ஜெஜு வழியினர்தான், பிறந்தது ஒசாக்காவில். இங்கேதான் முடிச்சு. ஜெஜு கொரியாவின் தென்கோடியில் கிடக்கும் தீவு. வடக்கே இவர்களுக்கு ஒரு காணி நிலமோ ஒரு சித்தப்பனோ கிடையாது. பிள்ளைகளை அனுப்பும் வரை அந்த மண்ணை மிதித்ததும் இல்லை. ஆனாலும் அதுதான் தாய்நாடு, அங்கே போவது 'திரும்பிப் போவது'.

கல்கத்தாவில் போட்ட கையெழுத்து

நம் வாசகர்களில் பலருக்கு இது புதிதாக இருக்கலாம். ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கமும் வடகொரியச் செஞ்சிலுவைச் சங்கமும் இந்த 'திரும்பிப் போதல்' ஒப்பந்தத்தில் 1959 ஆகஸ்ட் 13 அன்று கையெழுத்திட்ட இடம் நம் கல்கத்தா. டிசம்பர் 14-ல் நீகாத்தா துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. 1984 வரை 93,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களில் கொரியரை மணந்த ஜப்பானியப் பெண்கள் மட்டும் 1,800 பேர் போல. சோங்ரியோன் வடகொரியாவை மண்ணுலகச் சொர்க்கம் என்று விளம்பரம் செய்தது. ஜப்பானிய அரசுக்கோ, ஏழைகளும் இடதுசாரிகளுமான ஒரு கூட்டம் கப்பலேறுவதில் உள்ளூர நிம்மதி. ஜப்பானியப் பத்திரிகைகளும் சேர்ந்து கைதட்டின.

1960-ல் மட்டும் 49,000 பேர் போனார்கள். அடுத்த ஆண்டே எண்ணிக்கை பாதியாகச் சரிந்தது. காரணம், போனவர்களிடமிருந்து வந்த கடிதங்கள். சோப்பு அனுப்பு, மருந்து அனுப்பு, துணி அனுப்பு. சொர்க்கத்தில் சோப்பு இல்லை என்று நேரடியாக எழுத முடியாது. ஆனால் படிப்பவருக்குப் புரிந்துவிடும். 1968 முதல் மூன்று ஆண்டு கப்பலே நின்றுபோய் 1971-ல் மறுபடி ஓடியது. யாங்கின் இரண்டாம், மூன்றாம் அண்ணன்கள் போனது அப்போதுதான், 1971 இலையுதிர் காலத்தில். ஒருவருக்கு 16 வயது, இன்னொருவருக்கு 14. தங்கைக்கு ஆறு.

அதாவது இவர்கள் முதல் அலையில் ஏமாந்தவர்கள் அல்லர். செய்தி கசிந்து பத்தாண்டு ஆன பிறகு அனுப்பியவர்கள். அப்பாவுக்கு அமைப்பில் இருந்த பதவியை நினைத்தால் அவர் காதில் எதுவுமே விழவில்லை என்று நம்ப எனக்குச் சிரமமாக இருக்கிறது.

மூத்தவர் கதை இன்னும் கொடுமை. 1972 ஏப்ரலில் வடகொரியத் தலைவர் கிம் இல்-சுங்குக்கு 60 வயது. அதற்குப் பரிசாக ஜப்பானிலிருந்து 200 மாணவர்களை அனுப்ப சோங்ரியோன் முடிவு செய்தது. பெயர்ப்பட்டியலில் இவரும் இருந்தார். 18 வயது. காபியும் மேற்கத்திய செவ்வியல் இசையும் என்றால் உயிர். பேரணியில் ஏந்திப் போகும் பூக்கூடை மாதிரி மனிதர்களைக் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்குப் போகச் சொல்லி வகுப்பெடுக்கும் அப்பா, தன் மகன் என்றதும் எப்படி மறுப்பார்? மறுக்கவில்லை. அந்த அண்ணனுக்கு அங்கே மனநோய் வந்தது. 2009-ல் அங்கேயே இறந்துபோனார்.

வீட்டு உடையில் ஒரு புரட்சியாளர்

யாங் சோங்ரியோன் பள்ளிகளிலேயே படித்து, அதன் பல்கலைக்கழகத்தை முடித்து, ஒசாக்காவில் கொரியப் பள்ளி ஆசிரியராகவும் கொஞ்ச காலம் இருந்தவர். அப்புறம் நாடகம், வானொலி, வீடியோ செய்தியாளர் வேலை, நியூயார்க்கில் ஊடகப் படிப்பு. கையடக்க வீடியோ கேமராவோடு பியோங்யாங் போய்வந்தது இந்த ஆண்டுகளில்தான். அரசாங்கப் படப்பிடிப்புக் குழுவாகப் போகவில்லை. குடும்பத்தைப் பார்க்க வந்த தங்கை, அண்ணன் பிள்ளைகளைப் படமெடுக்கிறாள், அவ்வளவுதான். அதனால்தான் வேறு எவர் கேமராவுக்கும் கிடைக்காத அடுக்குமாடி வீட்டின் உள்ளறை, பிள்ளைகளின் விளையாட்டு, மூத்த அண்ணன் மகன் பியானோ வாசிப்பது எல்லாம் அவருக்குக் கிடைத்தன. அப்பாவின் இசைப் பைத்தியம் பிள்ளையிடம் இறங்கியிருப்பதை யாங் வாய்விட்டுச் சொல்லவேண்டிய தேவையே இல்லை.

முதல் படம் 'டியர் பியோங்யாங்', 2005. முதுகெலும்பு அப்பாதான். வீட்டு உடையில், நாலு முழம் கொள்கையை ஓரமாக வைத்துவிட்டு, மகளோடு சிரித்துப் பேசும் அப்பா. எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேண்டும் என்று மகள் கேட்கிறாள். உனக்குப் பிடித்தால் சரி என்கிறார். அமெரிக்கர்? கூடாது. ஜப்பானியர்? அதுவும் கூடாது. கொரியர் என்றால் யாரானாலும் சரி. அதே மனிதர் பியோங்யாங்கில் தன் எழுபதாம் பிறந்தநாள் விருந்தில் நெஞ்சு நிறையப் பதக்கம் குத்திக்கொண்டு, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தலைவருக்கு இன்னும் விசுவாசமுள்ளவர்களாக வளர்ப்பேன் என்ற ரீதியில் பேசுகிறார். மகளின் கேமரா அங்கே சற்றுத் தள்ளியே நிற்கிறது.

2004-ல் மறுபடி ஒசாக்கா வீடு. அண்ணன்களை அனுப்பியது பற்றி மகள் மெல்ல இழுக்கிறாள். அவர்களை அனுப்பாமலே இருந்திருக்கலாம் என்ற பொருள்பட அப்பா தயங்கித் தயங்கிச் சொல்கிறார். மகள் தென்கொரியக் குடியுரிமைக்கு மாறுவதற்கும் தலையசைக்கிறார். வாழ்நாள் முழுக்கக் கட்டிக் காத்த கோட்டையில் அவரே ஒரு செங்கல்லை உருவிக் கொடுத்த மாதிரி. சில வாரங்களில் பக்கவாதம் வந்து விழுந்தார். 2009-ல் காலமானார். கல்லறை பியோங்யாங்கில்.

சண்டான்ஸ் விழாவிலும் பெர்லின் விழாவிலும் படத்துக்கு விருது கிடைத்தது. கூடவே வடகொரியாவுக்குள் நுழையத் தடையும் வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லி சோங்ரியோனிலிருந்து அழுத்தம். யாங் எழுதவில்லை. பதிலாக இன்னொரு படம் எடுத்தார்: 'சோனா', 2009. பியோங்யாங்கில் பிறந்து வளர்ந்த அண்ணன் மகளின் பெயர் அது. ஓரிடத்தில் அந்தப் பெண் கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டு, அத்தை வெளிநாட்டில் என்னென்ன நாடகம் பார்த்தாள் என்று கேட்கிறாள். திரை கறுத்து, எழுத்து மட்டும் வருகிறது. வடகொரியாவைப் பற்றி நான் பார்த்ததில் மனதில் தைத்த காட்சி இந்தக் கறுப்புத் திரைதான்.

கேமரா வைக்க முடியாத இடம்

நாலில் கதைப்படம் ஒன்றே ஒன்று: 2012-ல் வந்த 'அவர் ஹோம்லேண்ட்'. ஜப்பானியத் தலைப்புக்குக் குடும்பத்தின் நாடு என்று பொருள். யாங்கின் அண்ணன் ஒருவர் சிகிச்சைக்காக ஜப்பானுக்கு வந்துபோன அனுபவத்திலிருந்து பிறந்த கதை. 25 ஆண்டுக்குப் பிறகு, மூளைக்கட்டிக்கு வைத்தியம் பார்க்க மூன்று மாத அனுமதியோடு அண்ணன் வருகிறான். கூடவே ஒரு கண்காணிப்பாளர். வைத்தியம் தொடங்குவதற்குள் திடீரென்று உத்தரவு: உடனே திரும்பு. காரணம் சொல்லவில்லை. அங்கே காரணம் கேட்கும் பழக்கமும் இல்லை.

ஆவணப்படத்தில் அண்ணன்கள் அரசியலே பேசுவதில்லை. பேசினால் விலை கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். நடிகர் அராத்தா இயுராவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தங்கை (சகுரா ஆண்டோ) கண்காணிப்பாளரைப் பார்த்து, உன்னையும் பிடிக்கவில்லை, உன் நாட்டையும் பிடிக்கவில்லை என்று கத்தும்போது, நீ வெறுக்கும் அந்த நாட்டில்தான் நானும் உன் அண்ணனும் வாழ்கிறோம் என்ற பொருளில் அவர் அமைதியாகப் பதில் சொல்வார். அம்மாவோ சேமிப்பைத் திறந்து கண்காணிப்பாளருக்குப் புது கோட்டும் சூட்டும் வாங்கித் தருவார். மகனோடு திரும்பிப் போகிற மனிதர் ஆயிற்றே. அந்தத் துணிக்குள் இருப்பது லஞ்சமா, பாசமா, பயமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

சரி, ஒரு வேடிக்கையையும் குறித்துவைக்கலாம். தென்கொரியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஜைனிச்சிப் பெண், வடகொரியாவுக்குப் போன அண்ணனைப் பற்றி எடுத்த இந்தப் படம்தான் அந்த ஆண்டு ஆஸ்கருக்கு ஜப்பானின் அதிகாரபூர்வத் தேர்வு.

அம்மாவின் சாறு

மூன்று படம் வரை யாங் அப்பாவிடமே கேட்டுக்கொண்டிருந்தார். பதில் அம்மாவிடம் இருந்தது.

'சூப் அண்ட் ஐடியாலஜி', 2021. அப்பா போய்ச் சில ஆண்டுக்குப் பிறகு ஒரு கோடைக் காலை. அம்மா சமையலறையில் நிற்கிறார். முழுக் கோழியின் வயிற்றுக்குள் ஜின்செங் வேரும் கை கொள்ளாத பூண்டும் அடைத்து, மணிக்கணக்காகச் சிறுதீயில் கொதிக்க விடுகிறார். மகளைக் கட்டப்போகிறவர் வீட்டுக்கு வருகிறார். அராய் காவோரு, மகளைவிட 12 வயது இளையவர், ஜப்பானியர். அப்பா கூடாது என்று சொன்ன பட்டியலில் இரண்டாவது. அந்த வெக்கையில் கோட் சூட்டோடு வந்து வியர்த்துக் கொட்ட உட்காரும் மாப்பிள்ளைக்கு அம்மா கிண்ணம் நிறையச் சாறு ஊற்றுகிறார். வீட்டில் கிம் தலைவர்களின் படங்கள் மாட்டியிருக்கின்றன. இந்தச் சாப்பாட்டு மேசைக்கு அவை இடைஞ்சலாகவே இல்லை.

அம்மா வாயைத் திறந்தது இந்தக் காலத்தில்தான். 1945-ல் குண்டுவீச்சுக்குப் பயந்து ஒசாக்காவை விட்டு ஜெஜுவுக்குப் போனவர், 1948-ல் அங்கே 18 வயதுப் பெண். ஒரு மருத்துவரோடு திருமணம் நிச்சயமாகியிருந்தது. தெற்கில் மட்டும் தனித் தேர்தல் நடத்தக்கூடாது என்று ஏப்ரல் 3 அன்று தீவில் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கக் காவல்துறையும் ராணுவமும் வலதுசாரிக் கும்பல்களும் இறங்கின. 1954 வரை நீண்ட அந்த வேட்டையில் 25,000 முதல் 30,000 பேர் செத்தார்கள் என்பது அரசின் விசாரணை அறிக்கை தரும் மதிப்பீடு. தீவின் மக்களில் பத்தில் ஒருவர். நிச்சயித்த மாப்பிள்ளையும் அதில் போனார். அந்தப் பெண் தம்பியையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு நடந்தே துறைக்குப் போய், கள்ளத்தனமாகப் படகேறி ஜப்பானுக்குத் தப்பினார். தென்கொரியாவில் இதைப் பற்றிப் பேசவே பல பத்தாண்டு முடியாது. 2000-ல்தான் சட்டம் வந்தது, 2003-ல்தான் குடியரசுத் தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

இதை அம்மா பேச, அந்த நாட்களைச் சித்திர அசைவாக வரைந்து காட்டுகிறார்கள். எனக்கு உடனே அட்டைப்பெட்டிதான் ஞாபகம் வந்தது. தெற்கு என்றாலே கொலைகாரர்கள் என்று 18 வயதில் கற்ற ஒரு பெண்ணுக்கு, ஜப்பான் இரண்டாந்தரமாக நடத்த, பிள்ளைகளை எங்கே அனுப்பத் தோன்றும்? கொள்கை அதற்குப் பிறகு வந்து உட்கார்ந்திருக்கிறது. இதனால் அந்த முடிவு சரியாகிவிடாது. மகளும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் 'எப்படி மனசு வந்தது' என்று முதல் படம் பார்த்தபோது எனக்குள் எழுந்த கேள்வி அதே தொனியில் மறுபடி எழவில்லை.

2018-ல், சம்பவத்தின் 70-ஆம் ஆண்டில், சோசென் பதிவோடே இருந்த அம்மாவுக்குத் தென்கொரியா நுழைவனுமதி தந்தது. மகளும் மருமகனும் ஜெஜுவுக்குக் கூட்டிப்போனார்கள். அதற்குள் அல்சைமர் முற்றியிருந்தது. 70 ஆண்டு யாரிடமும் சொல்லாமல் பொத்தி வைத்ததைச் சொல்லி முடித்த கையோடு நினைவே கழன்றுகொண்டது போல, அந்தத் தீவில் அவர் எதையும் அடையாளம் காணாமல் நடக்கிறார். பக்கத்தில் மகள்தான் உடைந்து அழுகிறாள்.

வீட்டைப் படமெடுப்பதன் விலை

யாங்கின் வேலையைப் பற்றி ஒரு நெருடல் எனக்குப் போகவில்லை. அண்ணன்கள் அங்கே கிட்டத்தட்டப் பணயம். அவர்கள் முகத்தைத் திரையில் காட்டிவிட்டு, மன்னிப்பும் கேட்காமல் அடுத்த படம் எடுப்பது யார் தலையில் விடியும்? உலகம் அறிந்த குடும்பத்தின் மேல் கைவைக்க யோசிப்பார்கள் என்ற எதிர்க்கணக்கும் இருக்கிறது. இரண்டில் எது சரி என்று வெளியே உட்கார்ந்து சொல்வது சுலபமான வேலை, அதை நான் செய்யப் போவதில்லை. ஆனால் படங்களுக்குள்ளேயே அதன் தடம் இருக்கிறது: நாலு படத்திலும் பெற்றோரிடம் கேட்ட கேள்வியை அண்ணன்களிடம் அவர் கேட்கவே இல்லை. போகப் பிடித்திருந்ததா என்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும், பொய்யாகவாவது. அந்தப் பொய்யை அண்ணன்களின் வாயில் வைக்க அவர் விரும்பவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

குறையும் சொல்லலாம். முதல் படத்தில் பின்னணிக் குரல் அதிகம். முகமே சொல்லிவிட்டதைக் குரல் மறுபடி சொல்கிறது. கடைசிப் படத்தில் அந்த அவசரம் இல்லை. காட்சிகளைக் கொதிக்க விட்டிருக்கிறார்.

அந்தப் படத்தின் பிற்பகுதியில் சமையல் கைமாறுகிறது. காவோரு கடைக்குப் போய்ப் பூண்டும் கோழியும் வாங்கி வந்து, மாமியார் செய்ததைப் பார்த்துக் கற்ற அதே சாற்றை வைக்கிறார். மேசையில் ஜப்பானியர் ஒருவர், தென்கொரியக் குடிமகள் ஒருவர், இல்லாத நாட்டின் பதிவோடு ஒரு கிழவி. கிழவிக்குக் கணவர் இறந்ததும் மகன் இறந்ததும் மறந்துவிட்டது. எல்லோரும் இந்த வீட்டில்தான் இருக்கிறார்கள், இப்போது வந்துவிடுவார்கள். மூத்தவன் எங்கே என்று கேட்டுவிட்டு, கிண்ணத்தை எடுத்துக் குடிக்கிறார்.